டிரெய்லரில் லைட் எரியவில்லையா? பேனாவையும் கூடவே எடுங்கள்

டிரெய்லர் லைட் வேலையில் நேரம் போவது பழுதைத் தேடுவதில் இல்லை. ஏற்கெனவே யாரோ தேடிய இடத்தையே மறுபடி தேடுவதில்தான் போகிறது. போன முறை பார்த்தவர் "லைட் சரி செய்யப்பட்டது" என்று ஒற்றை வரி எழுதிவிட்டுப் போயிருப்பார். எந்த லைட், எந்தப் பக்கம், பல்பா ஒயரா எர்த்தா, ஒன்றும் இருக்காது. அந்த ஒற்றை வரியோடு அதே டிரெய்லர் மறுபடி என் முன்னால் வந்து நிற்கும்.

அதனால் பழுது பார்ப்பதையும் எழுதுவதையும் நான் இரண்டு வேலையாகப் பிரிப்பதில்லை. மீட்டரில் ஒரு எண்ணைப் பார்த்தால் அப்போதே தாளில் ஏற்றிவிடுவேன். முந்தைய எண் பக்கத்தில் இருந்தால்தான் அடுத்து முனையை எங்கே வைப்பது என்பது புரியும்.

கை வைப்பதற்கு முன்

முதலில் டிரைவரிடம் கேளுங்கள். "என்ன பழுது" என்று கேட்டால் "லைட் வேலை செய்யல" என்றுதான் பதில் வரும். எப்போது என்று கேளுங்கள். மழையிலா, லோடு ஏற்றிய பிறகா, வளைவில் திரும்பும்போதா, பிரேக்கும் இண்டிகேட்டரும் சேர்ந்து போடும்போதா? வரும் பதிலை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். "பிரேக் பிடிச்சா இண்டிகேட்டர் மங்குது" என்று ஒருவர் சொன்னால், அதை "இண்டிகேட்டர் கோளாறு" என்று சுருக்கி எழுதுவது பெரிய நஷ்டம். அவர் சொன்ன வாக்கியத்திலேயே பாதி விடை இருக்கிறது.

சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள். எரிபொருள் டேங்கர் என்றால் உள்ளே ஆவி இல்லை என்று உறுதியாகும் வரை மீட்டர்கூட வேண்டாம். இதில் விவாதமே கிடையாது.

அப்புறம் ஒவ்வொரு லைட்டாகப் போட்டுப் பாருங்கள்: டெயில், இடது இண்டிகேட்டர், வலது இண்டிகேட்டர், பிரேக், ரிவர்ஸ், பின்பக்க ஃபாக். அது முடிந்ததும் சேர்த்துப் போடுங்கள். டெயில் எரியும்போது இண்டிகேட்டர், அதன் மேல் பிரேக். தனித்தனியாக எல்லாம் சரியாக எரிந்து, சேர்த்துப் போட்டால் மட்டும் குழம்பும் டிரெய்லர்கள் நிறைய. இண்டிகேட்டர் துடிக்கும்போது டெயில் லைட்டும் கூடவே துடித்தால், அல்லது டெயில் போட்டதும் பிரேக் லைட் லேசாக எரிந்தால், நேராக எர்த்துக்குப் போங்கள். எர்த் என்பது எல்லா வீட்டுத் தண்ணீரும் சேரும் சாக்கடை மாதிரி. அது அடைத்துக்கொண்டால் ஒரு வீட்டுத் தண்ணீர் அடுத்த வீட்டுக் குழியில் ஏறும். கரண்ட்டும் அப்படித்தான். திரும்பிப் போக வழியில்லாமல் பக்கத்து ஃபிலமென்ட் வழியாக வேறொரு சர்க்யூட்டுக்குள் நுழைந்து வெளியேறப் பார்க்கிறது. 21/5 வாட் இரட்டை ஃபிலமென்ட் பல்பு உள்ள லைட்டில் இது பளிச்சென்று தெரியும்.

முன்வண்டியா, டிரெய்லரா

டிரெய்லருக்கு அடியில் படுப்பதற்கு முன் இதைத் தீர்த்துவிட வேண்டும். முன்வண்டியின் சாக்கெட்டில் ஒரு டெஸ்டர் செருகிப் பாருங்கள். அல்லது முன்வண்டியையும் டிரெய்லரையும் இணைக்கும் சுருள் கேபிளைக் கழற்றிவிட்டு, நன்றாக வேலை செய்யும் வேறொன்றை மாட்டிப் பாருங்கள். சுருள் கேபிளைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். தினமும் இழுபட்டு, தரையில் உரசி, பிளக்கின் கழுத்தில் உள்ளுக்குள்ளேயே ஒயர் அறுந்திருக்கும். வெளியில் ரப்பர் மட்டும் முழுசாக இருக்கும். சந்தேகம் இருந்தால் பிளக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் கேபிளை வளைத்துப் பாருங்கள். லைட் கண்ணடித்தால் கதை முடிந்தது.

எந்த சாக்கெட் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒயரின் நிறம் ஏமாற்றும். 24 வோல்ட் வண்டிகளில் ஐஎஸ்ஓ 1185 என்ற 7 பின் சாக்கெட் இருக்கும், 24என் என்பார்கள். 12 வோல்ட் வட அமெரிக்க வண்டிகளில் எஸ்ஏஇ ஜே560, அதுவும் 7 பின். இரண்டிலும் வெள்ளை எர்த், மஞ்சள் இடது இண்டிகேட்டர், பச்சை வலது இண்டிகேட்டர், சிவப்பு பிரேக். இதுவரை ஒரே மாதிரி. ஆனால் கறுப்பும் பழுப்பும் வேறு. ஐஎஸ்ஓ முறையில் கறுப்பு இடது பக்கத்து டெயில் விளக்குகளுக்கு, பழுப்பு வலது பக்கத்துக்கு. ஜே560-இல் கறுப்பு கிளியரன்ஸ், பக்க மார்க்கர் விளக்குகளுக்கு. பழுப்பு இரண்டு பக்கத்து டெயிலுக்கும் நம்பர் பிளேட் விளக்குக்கும்.

இது மனப்பாடத்துக்காகச் சொல்லவில்லை. இடது டெயில் மட்டும் எரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ வண்டியில் அது முன்வண்டி ஃபியூஸாகவும் இருக்கலாம், ஏனென்றால் இடதுக்குத் தனி ஒயர் வருகிறது. ஜே560 வண்டியில் முன்வண்டி ஃபியூஸ் போயிருந்தால் இரண்டு பக்கமும் அணைந்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் இல்லை என்றால் பழுது டிரெய்லரிலேயே, ஒயர் பிரியும் இடத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. மீட்டரைத் தொடாமலே பாதி டிரெய்லரைக் கழித்தாயிற்று.

ஐஎஸ்ஓ வண்டியில் ரிவர்ஸும் ஃபாக்கும் ஐஎஸ்ஓ 3731 என்ற இரண்டாவது 7 பின் சாக்கெட்டில், அதாவது 24எஸ்-இல் வரும். என்-ஐயும் எஸ்-ஐயும் மாற்றிச் செருக முடியாதபடி நடுப் பின்னின் அமைப்பே வேறாக இருக்கும். அப்படியும் பலம் போட்டுத் திணித்து உடைத்தவர்கள் உண்டு. புதிய வண்டிகளில் இரண்டும் சேர்ந்து ஐஎஸ்ஓ 12098 என்ற 15 பின்னாக இருக்கும். ஏபிஎஸ், ஈபிஎஸ் பிரேக்குக்கான ஐஎஸ்ஓ 7638 பிளக் தனி. லைட் பழுதுக்காக அதில் டெஸ்ட் லாம்பை விடாதீர்கள்.

லோடு (கரண்ட் இழுக்கும் பல்பு) இல்லாமல் அளக்காதீர்கள்

இந்தப் பகுதியை மட்டும் படித்தாலும் போதும்.

பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மீட்டரை வைக்கிறார்கள். 24 வோல்ட் காட்டுகிறது. "கரண்ட் வருது, பல்புதான் போச்சு" என்று புது பல்பு போடுகிறார்கள். அதுவும் மங்கலாக எரிகிறது, அல்லது எரியவே இல்லை. உடனே புது பல்பு மட்டம் என்று பேச்சு.

டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள் ரெசிஸ்டன்ஸ் பொதுவாக 10 மெகா ஓம். 24 வோல்ட்டில் அது இழுக்கும் கரண்ட் சுமார் 2.4 மைக்ரோ ஆம்பியர். முப்பது இழை கொண்ட ஒயரில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அந்தக் கரண்ட் தாராளமாகப் போய்விடும், மீட்டர் முழு வோல்ட்டைக் காட்டும். 21 வாட் பல்பு கேட்பதோ 24 வோல்ட்டில் கிட்டத்தட்ட 0.9 ஆம்பியர். களிம்பு பிடித்த இணைப்பில் 5 ஓம் ரெசிஸ்டன்ஸ் இருந்தால் மீட்டருக்கு அது கண்ணிலேயே படாது. பல்பு எரியும்போது அந்த இடத்தில் மூன்றரை வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகும்.

ஆகவே லைட் எரிந்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். எரியாத லைட் என்றால் ஹோல்டரில் நல்ல 21 வாட் பல்பைச் செருகிவிட்டு அளக்க வேண்டும். ஒரு பல்பு, ஹோல்டர், இரண்டு நீள ஒயர், முனையில் கிளிப்: என் பையில் எப்போதும் கிடக்கும் கருவி இதுதான். ஊசி முனை டெஸ்ட் லாம்பால் ஒயரின் தோலைக் குத்துவதை நான் அனுமதிப்பதில்லை. அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி, சில மாதம் கழித்து அதே இடத்தில் ஒயர் பச்சையாகிப் போயிருக்கும்.

எப்படி அளப்பது? பிரேக்கும் டெயிலும் எரிய விட்டு ஒவ்வொரு இடமாகப் பாருங்கள். ஒரு மாதிரிக் கணக்கு:

டிரெய்லரின் முன் சாக்கெட்டில் பிரேக் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே 26.8 வோல்ட். பின்னால் பிரேக் பல்பின் இரு முனைகளுக்கு இடையே 22.1 வோல்ட். நடுவில் 4.7 வோல்ட் எங்கோ போய்விட்டது.

இப்போது ஒரு நீள ஒயரால் மீட்டரின் ஒரு முனையை முன் சாக்கெட்டின் பிரேக் பின்னில் நிறுத்தி, மறுமுனையைப் பல்பின் பாசிட்டிவில் வையுங்கள். 0.6 வோல்ட். அந்த நீள ஒயரை எர்த் பின்னுக்கு மாற்றி, மறுமுனையைப் பல்பின் எர்த்தில் வையுங்கள். 4.1 வோல்ட். 0.6, 22.1, 4.1 மூன்றையும் கூட்டினால் 26.8. கணக்கு இப்படிப் பொருந்தினால் உங்கள் அளவு சரி. பொருந்தவில்லை என்றால் நடுவில் ஏதோ அசைந்திருக்கிறது, அல்லது முனை சரியாகத் தொடவில்லை. மறுபடி அளந்து பாருங்கள்.

பழுது எர்த் பக்கம் என்று தெரிந்துவிட்டது. ஒரு முனையை எர்த் பின்னிலேயே விட்டுவிட்டு மற்றதை முன்னோக்கி நகர்த்துங்கள். பின்பக்க ஜங்ஷன் பாக்ஸில் (ஒயர்கள் பிரியும் பெட்டியில்) 4.0. முன் ஜங்ஷன் பாக்ஸில் 0.2. எண் குதித்த இடத்துக்கு இடையேதான் பழுது. சேஸிஸ் முழுக்கத் தடவ வேண்டியதில்லை. மீட்டரோடு சேர்த்த நீள ஒயரின் ரெசிஸ்டன்ஸ் கணக்கைக் கெடுக்குமோ என்று என்னிடம் வேலை பழக வரும் பையன்கள் கேட்பதுண்டு. கெடுக்காது. அதில் கரண்ட்டே ஓடவில்லை.

எவ்வளவு வோல்ட் விழுந்தால் பரவாயில்லை? 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 0.012 ஓம். 15 மீட்டருக்கு 0.18 ஓம். இரண்டு 21 வாட் பிரேக் பல்பு 24 வோல்ட்டில் 1.75 ஆம்பியர். ஆக நல்ல ஒயரிலேயே 0.3 வோல்ட் விழும். பிளக், டெர்மினல் எல்லாம் சேர்த்து ஒரு பக்கத்துக்கு அரை வோல்ட்டைச் சுற்றி இருந்தால் நான் தொடமாட்டேன். ஒரு வோல்ட்டைத் தாண்டினால் தேடுவேன். 12 வோல்ட் வண்டியில் அதே பல்புக்கு இரண்டு மடங்கு கரண்ட் ஓடும், கையில் இருப்பதோ பாதி வோல்ட். அங்கே இன்னும் கறாராக இருக்க வேண்டும்.

வந்து வந்து போகும் பழுது

எர்த் ஒயர் முழுதாக அறுந்திருந்தாலும் லைட் எரியும் டிரெய்லர்கள் இருக்கின்றன. டிரெய்லரை முன்வண்டியோடு கோக்கும் கிங்பின் என்ற இரும்பு முளையும் அதைப் பிடிக்கும் தட்டும் இரும்போடு இரும்பாகத் தொட்டு எர்த் கொடுத்துக்கொண்டிருக்கும். தட்டில் கிரீஸ் புதிதாக வைத்தாலோ வளைவில் திரும்பினாலோ அந்தத் தொடுதல் விட்டுப்போகும், லைட் கண்ணடிக்கும். வண்டியை நிறுத்திப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். இதைப் பிடிக்க டிரெய்லரைக் கழற்றி, அதன் ஊன்றுகாலைத் தரையில் இறக்கி, ஏர் ஹோஸ்களையும் ஈபிஎஸ் கேபிளையும் விலக்கி, லைட் கேபிள் மட்டும் இணைத்து அளந்து பாருங்கள். இரும்புத் தொடுதல் போனதும் உண்மை வெளியே வரும்.

மற்றபடி ஒயர் அசையும் இடம், உரசும் இடம், தண்ணீர் தங்கும் இடம். டிப்பர் என்றால் தொட்டி மடங்கும் கீல். நீளம் மாறும் டிரெய்லர் என்றால் உள்ளே சறுக்கும் கேபிள். ஊன்றுகால் மடங்கும் இடம், மட்கார்ட் கிளாம்ப், சேஸிஸ் குறுக்குச் சட்டத்தில் ரப்பர் வளையம் கழன்ற ஓட்டை. கேபிள் நுழையும் வாய் மேல்நோக்கி இருக்கும் ஜங்ஷன் பாக்ஸை எங்கு பார்த்தாலும் திறந்துவிடுவேன், உள்ளே ஏதாவது ஒன்று காத்திருக்கும். ஒருவர் ஹார்னஸை (ஒயர்க் கட்டை) அசைக்க, இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். ஆள் இல்லை என்றால் மீட்டரின் மின்–மேக்ஸ் பட்டனை (குறைந்த, அதிக எண்ணைப் பிடித்துவைக்கும் பட்டனை) போட்டுவிட்டு நீங்களே அசையுங்கள்.

ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தால்

ஒன்றன்பின் ஒன்றாகப் புது ஃபியூஸ் போட்டுச் சோதிப்பது வேலையில்லை. டிரெய்லரைத் தனியாக வைத்து, ஃபியூஸோடு கூடிய பேட்டரி லைனில் 70 வாட் ஹெட்லைட் பல்பைத் தொடராகச் சேர்த்து, பழுதான பின்னுக்குக் கொடுங்கள். முழு ஷார்ட் இருந்தாலும் 24 வோல்ட்டில் மூன்று ஆம்பியருக்குள்தான் ஓடும், ஒயர் கருகாது. ஹெட்லைட் பல்பு பளீரென்று எரியும். இப்போது ஜங்ஷன் பாக்ஸ்களில் ஒவ்வொரு கிளையாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது அது மங்குகிறதோ அந்தக் கிளையில்தான் ஷார்ட்.

முன்வண்டியில் சாதாரண ஃபியூஸுக்குப் பதில் எலக்ட்ரானிக் கன்ட்ரோல் இருந்தால் இந்தத் தனிச் சோதனை இன்னும் அவசியம். ஷார்ட் என்று கண்டதும் அது அந்த லைனைத் தானே அடைத்துவிடும். நீங்கள் மீட்டர் வைக்கும்போது வோல்ட்டே இருக்காது, ஒயர் அறுந்தது என்று நினைத்துவிடுவீர்கள். பல்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கச் சில வண்டிகள் லைட் போடாதபோதும் சிறு துடிப்பு அனுப்பும். எல்இடி விளக்கு அதில் மினுமினுக்கும். அது பழுது இல்லை, பொருத்தமில்லாத விளக்கு.

எல்இடி இன்னொரு வழியிலும் ஏமாற்றும். அது இழுப்பது குறைந்த கரண்ட். 0.1 ஆம்பியர் என்றால், நாம் பார்த்த அதே 5 ஓம் களிம்பில் அரை வோல்ட்தான் விழும், விளக்கு ஜம்மென்று எரியும். களிம்பு உள்ளுக்குள் வளர்ந்துகொண்டே போய் ஒரு நாள் மொத்தமாக அணையும். எல்இடி டிரெய்லரிலும் 21 வாட் பல்பை லோடாகச் சேர்த்து அளக்கச் சொல்வது இதனால்தான்.

சரி செய்யும் விதம் பற்றிச் சுருக்கமாக: ஒயரை வெட்டினால் உள்ளே செம்பு பளபளவென்று தெரியும் வரை பின்னால் போங்கள். ஒரு சாண் போயும் கறுப்பாகவே இருந்தால் அந்த ஒயரையே மாற்றுங்கள். தண்ணீர் இழைகளுக்கு நடுவே ஏறிப் போயிருக்கிறது. உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடு பட்டால் சுருங்கி இறுகும் குழாய்) போடுங்கள். ஒயரைக் கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்பும் வெறும் டேப்பும் டிரெய்லருக்கு ஆகாது.

தாளில் என்ன இருக்க வேண்டும்

தாள் டிரெய்லரின் பெயரில் இருக்கட்டும், முன்வண்டியின் பெயரில் வேண்டாம். முன்வண்டி மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் அன்று எந்த முன்வண்டி மாட்டியிருந்தது என்பதையும் குறித்துவிடுங்கள். மூன்று வெவ்வேறு டிரெய்லர் தாளில் ஒரே முன்வண்டி எண் வந்தால் வேறு விளக்கம் தேவையில்லை.

இடது, வலது என்பது எப்போதும் டிரைவர் முன்னோக்கி உட்கார்ந்திருக்கும்போது உள்ள இடது, வலது. பின்னால் நின்று பார்ப்பவருக்கும் அதே. இதை முதலிலேயே எல்லோரும் ஒத்துக்கொள்ளாவிட்டால் தாள் முழுக்கக் குழப்பம்தான்.

வோல்ட் எண்ணை மட்டும் எழுதினால் பயனில்லை. எந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே, அப்போது எந்த லைட்டுகள் எரிந்தன என்பதும் சேர்ந்தால்தான் அது அளவு. நான் எழுதும் விதம் இது:

*புகார்: "பிரேக் பிடிச்சா இண்டிகேட்டர் மங்குது, மழையில ஜாஸ்தி."*
*பார்த்தது: டெயில் + பிரேக் + வலது இண்டிகேட்டர் சேர்ந்து எரியும்போது வலது டெயில் துடிக்கிறது. தனித்தனியாகச் சரி.*
*அளவு (டெயில் + பிரேக் எரியும்போது): முன் சாக்கெட் பிரேக் பின் – எர்த் பின் 26.8. வலது பிரேக் பல்பு முனைகள் 22.1. பாசிட்டிவ் பக்க இழப்பு 0.6. எர்த் பக்க இழப்பு 4.1, பின்பக்க ஜங்ஷன் பாக்ஸ் வரை 4.0, முன் ஜங்ஷன் பாக்ஸ் வரை 0.2.*
*காரணம்: முன் பாக்ஸிலிருந்து பின்னால் போகும் வெள்ளை ஒயர், மூன்றாவது குறுக்குச் சட்ட ஓட்டையில் தோல் உரிந்து களிம்பு பிடித்துள்ளது. ரப்பர் வளையம் இல்லை.*
*செய்தது: இரண்டு பாக்ஸுக்கும் இடையே வெள்ளை ஒயர் புதிது, ரப்பர் வளையம் புதிது.*
*பிறகு: அதே புள்ளிகளில் எர்த் பக்க இழப்பு 0.3. சேர்த்துப் போட்டால் துடிப்பு இல்லை.*
*தொடாதது: இடது பக்க மார்க்கர் லென்ஸில் விரிசல், உள்ளே ஈரம். இப்போது எரிகிறது.*

"தொடாதது" என்ற வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அடுத்த மழைக்கு அந்த மார்க்கர் அணைந்தால் "போன வாரம்தானே பார்த்தீர்கள்" என்று யாரும் கேட்க முடியாது. அதைவிட முக்கியம், அடுத்து பார்ப்பவர் அங்கிருந்தே தொடங்கலாம்.

படம் எடுப்பதென்றால் சுத்தம் செய்வதற்கு முன் எடுங்கள். பிரஷ் போட்டுத் தேய்த்த பிறகு எடுத்த படத்தில் காரணம் இருக்காது. முதல் படம் டிரெய்லர் எண், இரண்டாவது சற்று விலகி நின்று இடம் தெரியும்படி, மூன்றாவது கிட்டத்தில்.

வேலை முடிந்ததும், பல்போ எல்இடியோ எல்லாம் நல்ல நிலையில் இருக்கும்போது, ஒயரைக் கவ்விப் பிடித்தே கரண்ட்டை அளக்கும் டிசி கிளாம்ப் மீட்டரால் ஒவ்வொரு சர்க்யூட்டும் எவ்வளவு ஆம்பியர் இழுக்கிறது என்று பார்த்துத் தாளின் மேலே குறித்துவையுங்கள். அடுத்த முறை பிரேக் லைன் 1.75-க்குப் பதில் 0.9 காட்டினால், டிரெய்லரின் பின்னால் நடந்து போகாமலே ஒரு பல்பு இல்லை என்று தெரியும். அதிகமாகக் காட்டினால் யாரோ கூடுதல் விளக்கை அந்த லைனில் தொற்றவிட்டிருக்கிறார்கள்.

பழுது கிடைக்காமல் போவதும் உண்டு. அப்போது "பழுது இல்லை" என்று எழுதாதீர்கள். "கிடைக்கவில்லை" என்று எழுதி, எந்தெந்தப் புள்ளிகளில் அளந்தீர்கள், என்ன எண் வந்தது, எந்தப் பகுதியை அசைத்துப் பார்த்தீர்கள், தரை ஈரமா காய்ந்ததா, சரக்கு இருந்ததா, எல்லாவற்றையும் எழுதுங்கள். டிரைவரிடம், அடுத்த முறை வரும்போது பிளக்கைப் பிடுங்காமல் அப்படியே நிறுத்தி ஒரு வீடியோ எடுக்கச் சொல்லி அனுப்புங்கள்.